சிவப்புத் தாளில் வந்த ஏடு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

மேடையேறிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. பட்டம் பெற்ற புலவனும் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றிக் கொண்டு, ஓய்வு கிடைத்த போதெல்லாம் கைக்கு அகப்பட்ட நூல்களைப் படித்து வருபவன். அப்படிப்பட்ட என்னைச் செயலாளர் அவர்கள் பிடித்து நிறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் பாரதி விழா நடைபெற்ற பொழுது, நம் குடியிருப்பைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருத்தி எழுந்து, "வ.உ.சி. சிறைக்குப் போனார், சிவா சிறைக்குப் போனார், பாரதியார் மட்டும் ஏன் புதுச்சேரிக்குப் போனார்?" என்று கேட்டாள். விடை சொல்ல எவரும் முன்வரவில்லை. பெரியவர் ஒருவர், "விழாவில் இப்படியெல்லாம் கேட்கலாகாது அம்மா" என்று அமர்த்திவிட்டார். அந்தக் குழந்தையின் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவள் கேட்டது தவறான கேள்வி அன்று. எனக்குத் தெரிந்த அளவில் அவளுக்கு இன்று விடை கூற முயல்கிறேன். அவளும் இன்று வந்திருக்கிறாள்.

விடை காண வேண்டுமானால் அக்காலப் பத்திரிகைகளின் கதையைச் சொல்லியாக வேண்டும். போர் மூளுவதற்கு முன் அதன் புகை முதலில் தெரிவது பத்திரிகைத் தாளிலேதான். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தை எதிர்த்துப் போர் தொடங்கியது 1775-ஆம் ஆண்டில். அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1765-இல், பத்திரிகைத் தாளுக்கும் முத்திரை வரி விதித்த சட்டத்தைக் கண்டித்து, அங்கே ஓர் ஏடு தன் முதற்பக்கத்தைக் கல்லறைக் கல் போலவே அச்சிட்டு வெளிவந்தது. நம் நாட்டில் 1857-இல் வடக்கே போர் மூண்டதும், ஒரு மாதம் சற்றே கடந்த அளவில், ஜூன் 13-ஆம் நாள், கானிங் பிரபு செய்த காரியங்களுள் ஒன்று, அரசாங்கத்தின் உரிமம் இன்றி எவரும் அச்சகம் நடத்தக் கூடாது எனச் சட்டம் இயற்றியது. கல்கத்தாவில் சில ஏடுகளின் மீது வழக்குத் தொடுத்தார்கள். தில்லியில் உருது ஏடு நடத்திய மௌல்வி முகம்மது பாக்கர் அவ்வாண்டு செப்டம்பரில் ஆங்கிலேயரால் உயிரிழந்தார். பீரங்கிக்கு அஞ்சாதவர்களும் அச்சு எழுத்துக்கு அஞ்சினார்கள் என்பதற்கு இவை போதும். நான் பேச விரும்புவது நம் தமிழ் ஏடுகளைப் பற்றி.

1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையைத் தொடங்கினார். 'இந்து' பத்திரிகையை 1878-இல் தோற்றுவித்தவர்களுள்ளும் அவர் ஒருவர். 'சுதேசமித்திரன்' முதலில் வார ஏடாக வந்து, 1899-இல் நாளேடாயிற்று. அரசியலைத் தமிழில் எழுத முடியுமா என்று ஆங்கிலம் கற்றவர்கள் நகைத்த காலம் அது. வரி, உப்பு, பஞ்சம், இரயில்வே, பட்ஜெட் ஆகிய எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் காட்டினார் ஐயர். ஆயினும் அவருடைய முறை வழக்கறிஞர் முறை. கணக்கைக் காட்டுவார்; நியாயத்தை எடுத்துரைப்பார்; அரசாங்கத்தார் ஒரு நாள் செவிசாய்ப்பார்கள் என்னும் நம்பிக்கை அதில் இருந்தது. 1904 நவம்பரில், எட்டயபுரத்து இளைஞர் ஒருவரை மதுரையிலிருந்து அழைத்து வந்து தம் பத்திரிகையில் உதவியாசிரியராக அமர்த்திக் கொண்டார். அவரே நம் பாரதியார். அவருக்கு அப்பொழுது அகவை இருபத்தொன்று.

அடுத்த ஆண்டு, 1905 அக்டோபர் 16-ஆம் நாள், வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அந்நியத் துணியைப் புறக்கணிப்போம் என்னும் குரல் வங்கத்தில் எழுந்து, தந்தி வழியாகவும் தபால் வழியாகவும் சென்னைக்கு வந்து சேர்ந்தது. 'சுதேசமித்திரன்' அதனை வெளியிட்டது. ஆனால் அதன் நிதானமான நடைக்குள் பாரதியாரின் வேகம் அடங்கவில்லை. 1906 மே மாதத்தில் 'இந்தியா' என்னும் வார ஏடு சென்னையில் பிறந்தது. பாரதியார் அங்கே சென்றார்.

இந்த இடத்தில் மைசூர்வாழ் தமிழராகிய நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'இந்தியா' ஏட்டுக்குப் பொருளும் துணையும் அளித்தவர்கள் யாவர்? மண்டயம் திருமலாச்சாரியார், மண்டயம் சீனிவாசாச்சாரியார் முதலியோர். 'மண்டயம்' என்பது எந்த ஊர்? இங்கிருந்து பெங்களூருக்கு வண்டியேறினால் முக்கால் மணி நேரத்தில் வருகிறதே மண்டியா, அந்த ஊர்தான்! மேலுக்கோட்டையிலும் மண்டியாவிலும் பல தலைமுறைகளுக்கு முன்பே குடியேறி, கன்னட நாட்டின் நடுவே இன்றளவும் வீட்டில் தமிழ் பேசி வரும் வைணவக் குடும்பத்தார் அவர்கள். விவேகானந்தரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளும் அக்குடும்பத்தவரே. நாம் இங்கே வந்து குடியேறியவர்கள் என்று அடிக்கடி கூறிக் கொள்கிறோம். நமக்கு முன் இங்கே வந்து தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பிச் சென்று, பாரதியின் ஏட்டுக்குத் தூணாக நின்றார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவதில்லை. எனக்கே சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியவந்தது. மண்டியா நிலையத்தின் பெயரைச் சீட்டிலும் ரசீதிலும் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன்!

'இந்தியா' சிவப்புத் தாளில் அச்சாயிற்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களைத் தன் கொள்கையாக முகப்பில் தாங்கி வந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் கேலிச் சித்திரத்தை முதன்முதலாக வெளியிட்டதும் இந்த ஏடே என்பர். எழுத்தறியாதவனும் படத்தைப் பார்த்துப் புரிந்து கொள்வான் அல்லவா? அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின், துண்டு துண்டாக வெட்டப்பட்ட பாம்பின் படத்தை 1754-இல் தம் ஏட்டில் வெளியிட்டு, ஒன்று சேராவிட்டால் அழிவோம் என உணர்த்தினார். அந்தப் பாம்புக்கு வந்த பெருமை உலகறியும். நம் 'இந்தியா'வின் சித்திரங்களை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

1906-க்கும் 1908-க்கும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் இந்த ஏடுகளில் ஏறிய சூட்டை ஒரு கொதிகலத்தின் அழுத்தமானிக்கு ஒப்பிடலாம். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். பங்கு வாங்குங்கள் என்று 'இந்தியா' எழுதியது. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து இறக்கியது. கப்பல் கட்டணம் ஏறுவதும் இறங்குவதும் வணிகச் செய்திதான். ஆனால் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் 1907-இல் தூத்துக்குடிக்கு வந்த செய்தியைப் படித்த தமிழன் அதனை வணிகச் செய்தியாகவா படித்தான்? அவ்வாண்டு மே மாதம் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் தொடர்ந்து சொற்பொழிவாற்றினார். அதே மாதத்தில் இலாலா லஜபதிராய் நாடு கடத்தப்பட்டார். டிசம்பரில் சூரத்து நகரில் காங்கிரஸ் பிளவுபட்டது. கெஞ்சிக் கேட்கும் கட்சி ஒன்று, உரிமையாய்க் கேட்கும் கட்சி ஒன்று எனத் தமிழ்ப் படிப்பாளர்களும் பிரிந்து நின்றார்கள். 'விண்ணப்பம்' என்ற சொல் குறைந்து 'சுயராஜ்யம்' என்ற சொல் பெருகியது.

அரசாங்கம் கவனியாமல் இருந்திருக்குமா? சென்னை அரசாங்கம் மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தியிருந்தது. அவர்கள் தமிழ் முதலிய மொழிகளில் வெளிவந்த பத்திரிகைகளைப் படித்து, கவனத்திற்குரிய பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கையாகத் தருவார்கள். அவ்வறிக்கைகள் இரகசியமாக அச்சிடப்பட்டு மேலதிகாரிகளுக்குச் சென்றன. அந்த மொழிபெயர்ப்பாளரை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அவரும் என்போல் ஒரு குமாஸ்தாவே. வீட்டில் தமிழ் பேசுகிறவர். அலுவலகத்தில் சிவப்புத் தாளை விரித்து வைத்துக் கொண்டு, நெஞ்சைத் தொட்ட வரியாகப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்ப வேண்டியவர். சம்பளத்துக்குச் செய்த அந்த வேலையால் எழுதியவனுக்குச் சிறை கிடைக்கும் என்பதை அவர் அறியாதவரா? ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! எத்தனையோ பழைய ஏடுகள் செல்லரித்துப் போய்விட்டன. அந்த ஏடுகள் என்ன எழுதின என்பதை ஆராய்ச்சியாளர்கள் இன்று பெரும்பாலும் அறிந்து கொள்வது அந்த இரகசிய அறிக்கைகளின் வாயிலாகத்தான்.

1908-ஆம் ஆண்டு பிறந்தது. பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வு பெற்றனர். மார்ச்சு 9-ஆம் நாள் பாலரின் விடுதலையைக் கொண்டாடினார்கள். 12-ஆம் நாள் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். 13-ஆம் நாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூன் மாதத்தில், வன்முறையைத் தூண்டும் பத்திரிகைகளின் அச்சகங்களைப் பறிமுதல் செய்யும் சட்டம் வந்தது. ஜூலை 7-ஆம் நாள் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார்கள். பிள்ளையின் தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் குறைந்தது. அதே ஜூலையில் திலகருக்கு ஆறாண்டு. ஆகஸ்டில் சென்னைப் பத்திரிகைகளின் முறை வந்தது.

அந்த ஆகஸ்டு மாதத்தில் மூன்று மனிதர்களுக்கு நேர்ந்ததைத்தான் நான் முக்கியமாகக் கூற வந்தேன்.

முதலாமவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஐம்பது வயதைக் கடந்தவர். கொடிய நோயால் உடல் நலிந்தவர். அவரைக் கைது செய்தார்கள். இனி அவ்வாறு எழுதுவதில்லை என்று உறுதிமொழி கொடுத்து அவர் வெளிவந்தார். 1889-இல் விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்வித்து ஊராரின் பகையைத் தாங்கிய மனிதர் அவர். கோழை என்று அவரைச் சொல்ல என் நா எழவில்லை.

இரண்டாமவர் பெயரை உங்களில் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டீர்கள். எம். சீனிவாசன் என்பது அவர் பெயர். பத்திரிகை நடத்துவோர் தம் பெயரை மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1867-ஆம் ஆண்டுச் சட்டம். 'இந்தியா' ஏட்டுக்குச் சட்டப்படி பதிவாகியிருந்த பெயர் சுப்பிரமணிய பாரதி அன்று, சீனிவாசன். ஆகவே வாரண்டும் சீனிவாசன் மீது பாய்ந்தது. எழுத்துக்கள் பாரதியின் பொறுப்பில் வெளிவந்தவை. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை சீனிவாசனுக்கு.

அலுவலகத்தில் பணியாற்றுவோர்க்கு இதன் பொருள் நன்றாக விளங்கும். சரக்கை ஏற்றியவர் ஒருவர், எடை போட்டவர் ஒருவர், ஆனால் பதிவேட்டில் கையெழுத்திட்டவன் எவனோ அவனே விசாரணையில் நிற்க வேண்டும். நான் பணியில் சேர்ந்த புதிதில், வேறொருவர் சரிபார்த்த கணக்கில் என் கையெழுத்து இருந்தமையால் மூன்று மாதம் விளக்கம் எழுதி எழுதி ஓய்ந்தேன். இழந்தது ஓர் ஆண்டு ஊதிய உயர்வு, அவ்வளவே. அதற்கே எத்தனை இரவு உறங்காமல் இருந்தேன்! ஐந்தாண்டு கடுஞ்சிறை என்றால்?

மூன்றாமவர் பாரதியார். ஆசிரியர் என்னும் பதிவு சீனிவாசன் பெயரில் இருப்பினும், அடுத்த வாரண்டு தமக்கே என்பதை அவர் அறிந்தார். நண்பர்கள் வற்புறுத்தினார்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயரின் வாரண்டு அங்கே செல்லாது. அவர் புறப்பட்டார். அவர் மட்டுமன்று, பத்திரிகையும் புறப்பட்டது. மண்டயம் குடும்பத்து இளைஞர் எம். பி. டி. ஆச்சாரியா முதலானோர் உழைக்க, 1908 அக்டோபரில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. அந்த ஆச்சாரியா ஐரோப்பா சென்று, 1920-இல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகி, 1954-இல் பம்பாயில் வறுமையில் மறைந்தது தனிக் கதை; அதை மற்றொரு நாளைக்கு வைத்துக் கொள்வோம்.

அம்மா, நீ கேட்ட கேள்விக்கு இப்பொழுது வருகிறேன். பாரதியார் அஞ்சி ஓடினாரா? அஞ்சி ஓடியவர் போன இடத்தில் வாய் மூடியிருப்பார். இவரோ போன கையோடு அதே ஏட்டை அதே பெயரில் நடத்தினார். 'விஜயா' நாளேட்டையும் அங்கிருந்தே நடத்தினார். ஆங்கிலேயர் தம் எல்லைக்குள் அவ்வேட்டைப் புகவிடாமல் தடுக்க வேண்டியதாயிற்று. 1910-இல் மற்றொரு சட்டம் வந்தது. புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டு மார்ச்சில் 'இந்தியா' நின்றது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் ஆஷ் துரை சுடப்பட்ட பின்னர், புதுச்சேரியில் இருந்தவர்கள் மீது ஒற்றர் கண்காணிப்பு இன்னும் கடுமையாயிற்று. பத்தாண்டு அங்கே அவர் வாழ்ந்தது சுகவாழ்வு அன்று. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டி வந்ததும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். ஆகவே, அவர் சிறைக்கே போகவில்லை என்று நாம் சொல்வதும் முழு உண்மை அன்று.

இருப்பினும், சீனிவாசன் உள்ளே இருக்க அவர் வெளியே இருந்தாரே என்று நீ கேட்டால், அதற்கு என்னிடம் மழுப்பலான விடை இல்லை. அது ஒரு கடன். பத்திரிகை நிற்கக் கூடாது என்பதற்காக அவர்கள் செய்த ஏற்பாட்டில், ஒருவர் எழுதினார், ஒருவர் விலை கொடுத்தார். எழுதியவருக்கு நாம் ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறோம். விலை கொடுத்தவரின் படம் எந்தச் சுவரிலும் இல்லை. பாரதியைக் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டா. அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இத்தனையும் அங்கே நடந்த அதே 1908-இல் நம் மைசூர் எப்படி இருந்தது? பிரிட்டிஷ் மாகாணம் அன்று, மகாராஜாவின் சமஸ்தானம். ஆகவே இங்கே அமைதி என்று எண்ணுவோம். அப்படியில்லை. அவ்வாண்டில் இங்கேயும் பத்திரிகைச் சட்டம் ஒன்று வந்தது; அரசாங்கத்தின் அனுமதி பெற்றே ஏடு நடத்த வேண்டும் என்றது. திவானாக இருந்தவர் வி. பி. மாதவராவ், கும்பகோணத்தில் பிறந்தவர். அச்சட்டத்தை எதிர்த்துத் தம் ஏடுகளை நிறுத்தியவர்களுள் ஒருவர், மரிமல்லப்பா பள்ளித் தலைமையாசிரியராக விளங்கிய எம். வெங்கடகிருஷ்ணய்யா. 'தாதய்யா' என்று கன்னட மக்கள் அன்போடு போற்றும் பெரியவர் அவரே. நம் பிள்ளைகளுள் பலர் அப்பள்ளியில் படித்தவர்கள்.

நாற்பது ஆண்டு ஓடிற்று. 1947 ஆகஸ்டு 15-இல் நாடு விடுதலை பெற்றது. மைசூரில் மக்களாட்சி வரவில்லை. செப்டம்பரில் 'மைசூர் சலோ' கிளர்ச்சி எழுந்தது. அப்பொழுது திவான் சர் ஆற்காடு இராமசாமி முதலியார். நம்மவர், பேரறிஞர், ஒரு காலத்தில் சென்னையில் 'ஜஸ்டிஸ்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். பத்திரிகையாசிரியராய் இருந்த ஒருவரின் ஆட்சியில் பத்திரிகைகளின் வாயை அடைத்தார்கள் என்பதை, நம்மவர் என்பதற்காக நான் மறைக்க விரும்பவில்லை. எச். எஸ். துரைசாமி இந்நகரில் நடத்திய 'பௌரவாணி'க்கு இங்கே இடமில்லாமற் போயிற்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லைக்கு அப்பால், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த இந்துப்பூருக்குச் சென்று அங்கிருந்து ஏட்டை அச்சிட்டார். பாரதிக்குப் புதுச்சேரி, துரைசாமிக்கு இந்துப்பூர்! பிரெஞ்சு எல்லை செய்த உதவியைச் சென்னை எல்லை செய்தது. குண்டக்கல்–பெங்களூர் இருப்புப்பாதையில் வரும் நிலையம் அது. பத்திரிகைக் கட்டு எந்த வண்டியில், எந்தப் பெயரில் பதிவாகி வந்திருக்கும் என்று என் தொழிற்புத்தி கேட்கிறது. அந்தக் கிளர்ச்சியில் சுடப்பட்டு இறந்த மாணவன் பெயரால்தான் இராமசாமி வட்டம் விளங்குகிறது. நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் போகிறோம். அக்டோபரில் கே. சி. ரெட்டி அமைச்சரவை பதவியேற்றது.

நேரம் ஆகிவிட்டதைச் செயலாளர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டி உணர்த்துகிறார்கள். ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். நம் குடும்பங்களில் சில மூன்று தலைமுறையாக இங்கே வாழ்பவை. பரணில் தகரப் பெட்டிகள் இருக்கும். அவற்றின் அடியில் பழைய தாள்களை விரித்திருப்பார்கள். வெள்ளையடிக்கும் போது அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல், சங்க நூலகத்திற்குக் கொண்டு வாருங்கள். தமிழாயினும் கன்னடமாயினும் சரி. ஞாயிறு மாலைகளில் நான் அங்கே இருப்பேன்; தேதி பார்த்து அடுக்கி, பட்டியல் எழுதித் தருகிறேன். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் உடன் வந்து எழுதுவதாக ஒப்புக் கொண்டிருக்கிறாள்.